ஞாயிறு சவாரிக்கு எந்தச் சைக்கிள்: வீட்டு லுமாலாவா, கியரா, ரேஸா, ஜப்பானா?

சித்தியின் மகன் போன மாதம் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணன், ஞாயிற்றுக்கிழமையில உங்கட ஆக்களோட நானும் வரப்போறன், எந்தச் சைக்கிள் எடுக்கிற?" கேள்வி ஒரு வரிதான். நாங்கள் எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். கியர் இல்லாமல் வந்தால் என்னோடு வராதே என்றார் ஒருவர், மட்டக்களப்பில் கியர் என்பதே வீண் செலவு என்றார் இன்னொருவர். பொடியன் குழம்பிப்போய் இரண்டு கிழமையாக மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னால் வந்து, எங்களோடு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினான். மூன்றாவது கிழமை அவனை இருத்தி வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பார்கள் என்று தெரியும்.

முதலில் எங்களைப் பற்றி. நாங்கள் கழகம் இல்லை. தலைவர், பொருளாளர், சந்தா எதுவும் கிடையாது. ஒருமுறை எல்லாருக்கும் ஒரே டீசேர்ட் அடிக்கலாம் என்று ஒருவர் தொடங்கினார், நிறத்தில் வந்த சண்டை தீர ஒரு மாதம் எடுத்தது, அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டோம். ஞாயிறு காலை 5.15க்குக் காந்திப் பூங்காவடியில் நிற்போம், 5.30க்கு வராதவரை விட்டுவிட்டுப் போவோம், அவ்வளவுதான் சட்டம்.

இது தொடங்கியதே 2022இல். அப்போது யாருக்கும் உடம்பைக் குறைக்கும் எண்ணம் இல்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவி, பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டு, எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானதும், ஊரில் எல்லா வீட்டுக் கோடியிலும் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. பெற்றோல் ஷெட்டில் எப்படி வரிசையோ அப்படித்தான் சைக்கிள் திருத்தும் கடைகளிலும் வரிசை. கழட்டிப் பூட்டிக் கொடுக்க ஒரு கிழமை தவணை சொன்னார்கள். பிறகு பெற்றோல் வந்தது, முக்கால்வாசிப் பேர் சைக்கிளைத் திரும்பவும் கோடியில் சாத்திவிட்டார்கள், மிஞ்சியவர்கள்தான் நாங்கள். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரே மாதிரிச் சைக்கிள் கிடையாது, அன்றைக்கு எவருக்கு எது அகப்பட்டதோ அதில்தான் இன்றும் வருகிறோம். இன்னொரு பழக்கம், பாதிவழியில் தேத்தண்ணிக்கு நின்றால் அங்கிருந்து சைக்கிளை மாற்றி ஓடுவோம். ஆகவே கீழே சொல்லும் நான்கிலும் எனக்கு முதுகு நொந்த அனுபவம் உண்டு.

சைக்கிளுக்கு முன் நிலத்தைப் பாருங்கள். யூடியூப்பில் சைக்கிள் தேர்வு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் மலையை வைத்துப் பேசுகிறார்கள். நமக்கு மலை எங்கே? ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம், வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், முடிந்தது. இங்கே எதிரி காற்றுத்தான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான், விடியப்புறம் சத்தமில்லாமல் இருக்கும், வெயில் ஏறத் தொடங்க மேற்கிலிருந்து சூடாகக் கிளம்பும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகிறபோது முகத்தில் அடிக்கும், கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக்குத் திரும்புகிறபோது முதுகில் தள்ளும். அதனால் அந்த மாதங்களில் மேற்கே போவதுதான் கெட்டித்தனம். மார்கழியில் வாடை, அது வடகிழக்கால் வரும், தெற்கே கல்முனைக்குப் போகும்போது நான்தான் உலக சம்பியன் என்று நினைப்பீர்கள், திரும்பி வரும் 40 கிலோமீற்றரில் அந்த நினைப்பைக் களுவாஞ்சிகுடிக்கு முன்னமே விட்டுவிடுவீர்கள். அடுத்த எதிரி கடல் உப்பு. நாவலடி, கல்லடிப் பக்கம் வீடு என்றால் சைக்கிளை வெளியில் நிறுத்தினாலே போதும், தானாகத் துரு ஏறும். மூன்றாவது மாரி மழை, நவம்பர் தொடங்கினால் தை வரைக்கும் பிறேக்கைப் பற்றித்தான் யோசனை.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு முதலாவதுக்கு வருவோம், வீட்டுச் சைக்கிள். லுமாலா ஸ்டாண்டர்ட், அல்லது அதற்கும் மூத்த றலி, ஹம்பர். 28 அங்குலச் சில்லு, கம்பி பிறேக், முழுச் செயின் கவர், பின்னால் ஒரு மூடை நெல் தாங்கும் கரியர். அப்பாவோ மாமாவோ வேலைக்குப் போன சைக்கிள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் இறங்கி உருட்டிக்கொண்டு நின்ற சைக்கிள். இதைப் புதுசாக வாங்குகிறவர் குறைவு, வீட்டில் இருந்தால் பாவிக்கிறவர்தான் அதிகம், அதனால் விலை என்பது கழட்டிப் பூட்டுகிற கூலியும் டயர் டியூப்பும்தான்.

இதைப் பாரம் என்று ஒதுக்குகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது பேசிக்கொண்டே மிதிக்கிற மிதி, மணிக்கு 20 கிலோமீற்றர் ஆகிவிடும். எங்கள் கூட்டத்தின் வேகம் 18ஐத் தாண்டினாலே பின்னால் இருந்து ஏச்சு விழும். பிறகு எதற்கு 21 கியர்? சமதரையில் நடுவில் உள்ள ஒரு பல்லைத்தான் எல்லாரும் பாவிக்கிறோம், அந்த ஒரு பல்லை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துப் பூட்டி விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் சைக்கிள் ஓட்டம் வைத்தால் இன்றைக்கும் சாதாரண சைக்கிள் மட்டும்தான் என்று அறிவிப்பார்கள். அதில் முதலாவது வருகிறவன் போகிற போக்கைப் பார்த்தால் பாரத்தைப் பற்றிய பேச்சு அடங்கிவிடும்.

ஆனால் காற்றில் இது பாவம். நிமிர்ந்து இருக்கிறீர்கள், நெஞ்சு பாய்மரம் மாதிரி. 20 கிலோ பாரத்தைக்கூட மறந்துவிடலாம், கச்சானை மறக்க முடியாது. அப்புறம் மழை. குறோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் பிறேக் கட்டை பிடிக்காது, வழுக்கும், வாடிவீட்டுப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தபோது காலை நிலத்தில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். செருப்பு போனது. மாட்டுக்கு ஒன்றும் இல்லை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

இருந்தும் இதன் பெரிய சொத்து வேறு. கொக்கட்டிச்சோலையில், மகிழடித்தீவில், மண்டூரில், எந்த ஒழுங்கையிலும் ஒரு சைக்கிள் கடை இருக்கும், அங்கே இருக்கிற ஐயாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைத் திருத்தத் தெரியும். வால்கட்டை (காற்றடிக்கிற வால்வு), கொட்டர் பின், பிறேக் கட்டை, குண்டு, எல்லாம் ஒரு பால்மா ரின்னுக்குள் வைத்திருப்பார். நடுவழியில் நின்றுபோகாத சைக்கிள் என்று ஒன்று இல்லை, நின்றால் மறுபடி ஓடக்கூடியது எது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைத்தான் கடையில் எவரும் கேட்பதில்லை.

இரண்டாவது, பொடியன்மாருக்கு எல்லாம் கண் போகிற கியர் சைக்கிள். மவுண்டன் பைக். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் போர்க், 21 கியர் என்று பெரிதாக ஸ்டிக்கர். 21 என்பது முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் வருகிற தொகை. முன்னால் உள்ள சின்னப் பல்லு மலை ஏறுவதற்கு, பின்னால் பெரிய பல்லோடு அதில் ஒரு சுற்று மிதித்தால் இரண்டு மீற்றர்கூடப் போகாது. மட்டக்களப்பில் அதைப் பாவிக்க வேண்டுமென்றால் பாலத்தில் பின்னால் ஒரு ஆளையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே 21இல் 7 வாங்கிய அன்றைக்கே போய்விட்டது. டயரில் உள்ள முட்டு முட்டான கட்டைகள் தார் ரோட்டில் தேனீக் கூட்டம் மாதிரி இரைந்துகொண்டே உங்களைப் பின்னுக்கு இழுக்கும். ஸ்பிரிங் போர்க் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைத் தின்னும், இரண்டு மாரி கண்டதும் உப்பில் இறுகி, ஸ்பிரிங் போடாத போர்க்கை விடப் பாரமான போர்க்காக நிற்கும்.

இவ்வளவு சொன்னாலும் இது குப்பை இல்லை. உன்னிச்சைக் குளத்துப் பக்கம், ஆயித்தியமலைக்கு அப்பால், வாய்க்கால் ஓரத்துக் கிரவல் ரோட்டுகளில் போகிறவருக்கு இதுதான் சைக்கிள், மற்ற மூன்றும் அங்கே கெஞ்சும். (அந்தப் பக்கம் போகிறவர்கள் நன்றாக விடிந்த பிறகு போங்கள், பொழுதுபடமுதல் வந்துவிடுங்கள். யானைக்கு முன்னால் 21 கியரும் ஒன்றுதான்.) பிறேக்கும் நல்லது, மழையில் நம்பலாம். வாங்கினால் முதல் வேலையாக அந்த முட்டு டயரைக் கழற்றி 26க்கு 1.5 அளவில் வழுவழுப்பான டயர் போடுங்கள், வேறொரு சைக்கிள் மாதிரி ஓடும். ஸ்பிரிங் இல்லாத போர்க் கிடைத்தால் அதையே எடுங்கள். பின் ஸ்பிரிங்கும் சேர்த்து இரண்டு ஸ்பிரிங் உள்ள மலிவுச் சைக்கிளை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கியர் திருத்துகிறவர் டவுனில் இருக்கிறார், காத்தான்குடியில் இருக்கிறார், படுவான்கரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கியர் கேபிள் அறுந்து ஒரு கடையில் விட்டால், அவர் நல்ல மனதோடு செயினை ஒரு பல்லில் நிறுத்திக் கட்டித் தந்துவிடுவார். எங்கள் கூட்டத்தில் இருக்கிற பேங்க்காரர் ஒரு வருசமாக அப்படிக் கட்டிய சைக்கிளில்தான் வருகிறார். 21 கியர் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அவருக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை என்பதுதான் விசேஷம்.

ரேஸ் சைக்கிளுக்கு வருகிறேன். ஆட்டுக்கொம்பு ஹான்டில், மெல்லிய டயர், 10 அல்லது 11 கிலோ பாரம். இதை ஒருநாள் மாற்றி ஓடிப் பார்த்தபோது எனக்குக் காதல் வந்தது உண்மை. ஒரு மிதிக்குப் பாய்கிற பாய்ச்சல், குனிந்து பிடித்தால் கச்சான் தலைக்கு மேலால் போகிறது, கிரான்குளத்தில் ஏறிக் குருக்கள்மடம் வரைக்கும் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வேகம்தான் வேண்டும், ஏ4 வீதியில் தெற்கே ஒரே ஓட்டமாக ஓட வேண்டும், பொத்துவில் வரைக்கும் கனவு இருக்கிறது என்றால் இதை விட்டால் வேறு இல்லை.

ஆனால் ஒரு கதை. இரண்டு வருசத்துக்கு முன் ஓர் ஆவணி மாதம், நண்பர் ஒருவரின் ரேஸ் சைக்கிளில் நான் இருந்தேன், மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் காற்றுப் போனது. கையில் வேறு டியூப் இல்லை. சைக்கிள் கடை ஐயா டியூப்பைக் கழற்றிப் பார்த்தார், கிழிசல் நீளம், ஒட்டுப் பிடிக்காது. சரி, வேறு டியூப் போடுவோம் என்று ஒன்றை எடுத்தார். அளவு ஒருபக்கம் இருக்க, வால்கட்டை றிம் ஓட்டைக்குள் போகவே மாட்டேன் என்றது. ரேஸ் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு றிம்மில் துளை ஆறரை மில்லிமீற்றர், நம் ஊர் வால்கட்டைக்கு எட்டரை வேண்டும். "துளைச்சு விடட்டா மகன்?" என்று ட்ரில்லரை எடுத்தார். சைக்கிள் என்னுடையது இல்லையே, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டர் ஒன்றில், நெல் மூடைகளுக்கு மேல், அந்த விலை கூடிய சைக்கிளைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பாலம் வரை வந்தேன். சொந்தக்காரர் என் லுமாலாவில் பக்கத்தில் பாடிக்கொண்டே வந்தார்.

டயரும் பெரும்பாலும் கொழும்புக்குச் சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டும். மெல்லிய டயருக்கு 90, 100 பிஎஸ்ஐ காற்று வேண்டும், வீட்டில் சொந்தப் பம்ப் இல்லாவிட்டால் ஒவ்வொரு கிழமையும் அலைச்சல். கடைகளில் காற்றடிக்க அந்த வால்வுக்கு ஒரு சின்னப் பித்தளை மூடி விற்கிறார்கள், அதை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ரேஸ் எடுக்கிறவருக்கு என் ஒரே நிபந்தனை: சீட்டுக்குக் கீழே எப்போதும் இரண்டு டியூப், டயர் கழற்றும் கரண்டி, கைப்பம்ப். அது இல்லாமல் படுவான்கரைக்குப் போகிறவர் லாண்ட்மாஸ்டர்காரரின் கருணையில்தான் போகிறார்.

கடைசியாக ஜப்பான் சைக்கிள். இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. எங்கள் ஊரில் இதை ஏளனமாகத்தான் பார்த்தார்கள், நானும்தான். முன்னால் கூடை, வளைந்த ஹான்டில், பார் இல்லாத தாழ்ந்த பிறேம், ஆம்பிளை ஏறினால் "லேடீஸ் சைக்கிளா மச்சான்?" என்று ஒரு சிரிப்பு. ஜப்பானிலேயே இதற்குப் பெயர் மமாச்சரி, அதாவது அம்மாவின் சைக்கிள். அங்கே ரயில் நிலையங்களுக்கு முன்னால் கண்டபடி நிறுத்திவிட்டுப் போகிறவற்றை நகரசபை அள்ளிக்கொண்டு போகும், உரியவர் வந்து எடுக்காதவை விற்பனைக்குப் போகும், அப்படிக் கைமாறிக் கொள்கலனில் ஏறி வருகிற சைக்கிள்கள்தான் நம் கடைகளிலும் நிற்கின்றன. பிறேமில் ஜப்பான் எழுத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அது அங்கே பொலிஸ் பதிவு இலக்கம். எங்கேயோ ஒரு ஸ்டேஷன் வாசலில் மறந்துவிட்டுப் போன சைக்கிள், இங்கே வாவிக்கரையில் மீன் வாங்கப் போகிறது.

இதில் எனக்குப் பிடித்தவை எல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். மட்கார்ட் பலதில் துருப்பிடிக்காத இரும்பு, றிம் அலுமினியம், கடல் உப்புக்கு நம் சைக்கிள்களை விட நன்றாக ஈடுகொடுக்கும். பின் பிறேக் றிம்மில் பிடிப்பதில்லை, அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சட்டிக்குள் இருக்கிறது, அதனால் மழை வெள்ளம் பெரிதாகப் படாது. நல்லதைப் பார்த்து எடுத்தால் டைனமோ முன் சில்லின் அச்சுக்குள்ளேயே இருக்கும், இருட்டினால் தானாக எரியும், டயரில் உரசுகிற பழைய டைனமோ மாதிரி காலைப் பிடித்து இழுக்காது. மூன்று கியர் அச்சுக்குள் மூடி இருக்கிற மாதிரியும் உண்டு, காற்றுக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று, காற்று முதுகில் இருந்தால் ஒன்று, மட்டக்களப்புக்கு என்றே செய்தது போல. வால்கட்டை நம் லுமாலாவில் உள்ளதே, எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம்.

வாங்கும்போது ஏமாறும் இடங்களும் இதில்தான் அதிகம். முதலில் டயரின் பக்கத்தில் அளவை வாசியுங்கள். 26க்கு 1⅜ என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மேலே பேசலாம், நம் லேடீஸ் சைக்கிளுக்கும் அதே அளவுதான், டயர் டியூப் எங்கும் கிடைக்கும். 27க்கு 1⅜ என்றிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அது ஜப்பானுக்கென்றே உள்ள அளவு, அதன் றிம் 609 மில்லிமீற்றர், 26இன் றிம் 590, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பார்வைக்கு 27தான் எடுப்பாக நிற்கும், கடைக்காரரும் அதைத்தான் முன்னால் நிறுத்தியிருப்பார், டயர் தேயும் வரைக்கும் சந்தோசமாக ஓடுவீர்கள், அதன்பிறகு அது கோடிச் சைக்கிள்தான். அடுத்தது, செயினுக்குப் பதிலாக பெல்ட் போட்டதும் வரும். சத்தமே இல்லாமல் ஓடும், ஆசை வரும். பெல்ட் அறுந்தால் இங்கே என்ன செய்வது என்று யோசித்துவிட்டு ஆசைப்படுங்கள். பின் பிறேக் பிடிக்கும்போது கீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டால் அது பழைய பட்டி பிறேக், ஆபத்தில்லை, வெட்கம்தான். சீட்டை உயர்த்திப் பாருங்கள். உயரமானவர் என்றால் கம்பி போதாது, முழங்கால் ஹான்டிலில் இடிக்கும், நீளமான சீட் கம்பி ஒன்று தேடிப் போட வேண்டும்.

குறை என்றால் பாரம், லுமாலாவுக்குக் கிட்டத்தட்ட அதே பாரம். வேகம் இல்லை. கிரவலில் நடுங்கும். ஆனால் எங்கள் கூட்டத்தில் வருகிற ஆசிரியை ஒருவர் இதே 26 அங்குல ஜப்பான் சைக்கிளில்தான் வருகிறார். பின் கூடையில் தண்ணீர், முன் கூடையில் எல்லாருக்கும் வடை. இரண்டு வருசத்தில் அவர் ஒருநாளும் வழியில் நின்றதில்லை, எங்களில் ஒருவருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பெண்கள் சைக்கிள் ஓடுவது ஒரு புதினமே இல்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் டவுனில் நின்று பார்த்தால் தெரியும், வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக ரோடு நிறைந்து வருவார்கள். ஆனால் கல்யாணம் கட்டியதும் வீட்டில் சைக்கிள் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது, பார் போட்ட ஒரு சைக்கிள்தான் வீட்டில் இருக்கும், அது அவருடையது இல்லை. பார் இல்லாத சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தால் சாரத்தோடும் ஏறலாம், சாரியோடும் ஏறலாம், மகள் டியூசனுக்கும் கொண்டுபோகலாம். ஞாயிறு காலை மூன்று மணித்தியாலத்துக்கு என்று மட்டும் சைக்கிள் வாங்குகிற வசதி நம்மில் எத்தனை பேருக்கு?

பற்றறிச் சைக்கிளையும் ஒருவர் கேட்டார். வேலைக்குப் போய்வர நல்லது. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு அதில் வந்தால் நாங்கள் பொறாமையில் பேச மாட்டோம், வேறு காரணம் இல்லை.

இனி ஆட்களைப் பற்றி. சைக்கிளை எடுக்கும்போது கூடவே ஒரு கூட்டத்தையும் எடுக்கிறீர்கள். எங்களோடு இருந்த இரண்டு பேர் ரேஸ் சைக்கிளுக்கு மாறினார்கள். முதல் மாதம் முன்னால் போய்ச் சந்தியில் காத்து நின்றார்கள். இரண்டாம் மாதம் தேத்தண்ணிக் கடையில் காத்து நின்றார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அவர்கள் நாலரைக்கே கிளம்பி வேறு ஆட்களோடு போகிறார்கள். கோபம் எதுவும் இல்லை, கண்டால் கை காட்டுவோம். 28 ஓடுகிறவரும் 18 ஓடுகிறவரும் கதைத்துக்கொண்டு போக முடியாது, விசயம் அவ்வளவுதான். காற்றில் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக நெருங்கிப் போனால் பின்னால் வருகிறவருக்குச் சிரமம் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், முன்னால் போகிறவர் களைத்ததும் விலகிப் பின்னுக்கு வருவார், அடுத்தவர் முன்னால். இந்த ஒழுங்கு ஒரே வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு நடுவில்தான் நடக்கும். அகலமான முதுகு உள்ள பேங்க்காரருக்குப் பின்னால் இடம் பிடிக்க எங்களுக்குள் ஒரு போட்டியே உண்டு.

ஆகவே தம்பிக்குச் சொன்னது இப்படி. வீட்டில் பெரியப்பாவின் லுமாலா இருக்கிறதா, முதலில் அதைக் கழட்டிப் பூட்டி, புது டயர் டியூப், புதுப் பிறேக் கட்டை போட்டு மூன்று மாதம் எங்களோடு ஓடு. பத்துப் பன்னிரண்டு ஞாயிறு ஓடிய பிறகு உனக்கே தெரியும் உனக்கு வேகம் பிடிக்கிறதா, கிரவல் பிடிக்கிறதா, அல்லது தேத்தண்ணியும் கதையும்தான் பிடிக்கிறதா என்று. வேகம் என்றால் காசு சேர்த்து ரேஸ் எடு, எங்களை மறந்துவிடு. கிரவல் என்றால் ஸ்பிரிங் இல்லாத கியர். தேத்தண்ணிக் கூட்டம் என்றால், வீட்டில் பழைய சைக்கிளும் இல்லையென்றால், 26 அங்குல ஜப்பான். அதிலும் அச்சுக்குள் மூன்று கியர் உள்ளது அகப்பட்டால் ஒரு நாளும் யோசிக்காதே, கையோடு உருட்டிக்கொண்டு வா.

பெரியப்பாவின் லுமாலாவைப் போய்ப் பார்த்தோம். பெடல் அச்சுக் கூடு இருக்கிற இடத்தில் பிறேம் துருவில் உள்ளுக்கால் இற்றுப்போய் இருந்தது, விரலால் அழுத்த உதிர்ந்தது. அதைத் திருத்த வேண்டாம் என்று கடைக்காரக் காக்காவே (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லிவிட்டார், கரியரை மட்டும் கழற்றித் தந்தார். பிறகு மூன்று கடை ஏறி இறங்கி, 27ஐ மலிவு என்று காட்டிய இடத்திலிருந்து நைசாகக் கழன்று வந்து, மூன்றாவது கடையில் சாம்பல் நிறத்தில் ஒரு 26. அச்சுக்குள் கியர். பின் பிறேக் கீச்சிடுகிறது. பெரியப்பாவின் கரியரை அதில் பூட்ட முடியுமா என்று கேட்டான். ஓம் என்று காக்கா இரண்டு பட்டை இரும்பு வெட்டி வைத்துப் பூட்டிக் கொடுத்தார், பார்க்க ஒரு மாதிரித்தான், ஆனால் அசையவில்லை.

வாற ஞாயிறு குருமண்வெளித் துறைக்குப் போய், சைக்கிள்களைப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவைப் படகில் ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகிறோம். மண்முனைக்கு 2014இல் பாலம் வந்த பிறகு அங்கே பாதையில் ஏறுகிற சுகம் போய்விட்டது, குருமண்வெளியில் அது இன்னும் இருக்கிறது. தம்பி முதல்முறை வருகிறான். சைக்கிளுக்குப் பெல் இன்னும் பூட்டவில்லையாம், பிறேக் கீச்சிடுகிற சத்தமே போதும் என்கிறான்.